ரிக் வண்டிக் கணக்குக்காக நான் நிறுவிய சர்வர்

திருச்செங்கோட்டில் பெரியப்பாவுக்கு ஆழ்துளைக் கிணறு போடும் இரண்டு ரிக் வண்டிகள் இருக்கின்றன. ஒன்று ராஜஸ்தான் பக்கம் ஓடும், இன்னொன்று மத்தியப் பிரதேசத்தில். வண்டி எந்த ஊரில் நின்றாலும், அன்றைக்கு எத்தனை அடி போர் ஓட்டினார்கள், குழி சரியாமல் காக்கும் கேசிங் பைப் எத்தனை அடி இறங்கியது, டீசல் எவ்வளவு, பார்ட்டி கொடுத்த பணம் எவ்வளவு என்ற கணக்கு இரவு 9 மணிக்குள் பெரியப்பாவின் நோட்டில் ஏறிவிட வேண்டும். வண்டி மேனேஜர் தொலைபேசியில் சொல்வார், பெரியப்பா எழுதிக்கொள்வார். மாதக் கடைசியில் இரண்டு பேரின் கணக்கும் ஒத்துப்போகாமல் அரை நாள் பேச்சு நடக்கும்.

2023 தீபாவளிக்குச் சித்தி மகன் வந்திருந்தபோது, "இதை ஒரு செயலியாகவே எழுதிவிடலாம் பெரியப்பா" என்றான். கோவையில் கல்லூரி இறுதியாண்டு படிக்கும் பையன். சொன்னபடியே பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதியும் முடித்துவிட்டான். மேனேஜர் தன் செல்பேசியில் திறந்து கணக்கை ஏற்றி, டீசல் பில்லைப் படம் எடுத்து இணைத்துவிடலாம். அதை ஒரு சர்வரில் ஏற்றி ஓட வைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

நான் இருப்பது ஈரோட்டில். பெருந்துறை சிப்காட்டில் உள்ள ஓர் ஆலையின் கணினிப் பிரிவில் 11 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். ஆலைக்குள் ஓடும் சர்வர்கள் எனக்குப் பழக்கம்தான். ஆனால் அவை மதில் சுவருக்குள் இருப்பவை. வெளியுலகம் நேரடியாகத் தொடக்கூடிய ஒரு வலை சர்வரை முதல் நாளிலிருந்து நானே நிறுவியது அதுதான் முதல்முறை. அந்த ஆண்டில் கற்றுக்கொண்டதை எழுதி வைத்தால், இதே வேலையில் இறங்குகிறவர்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

பொங்கல் முடிந்து, 2024 ஜனவரி 19, வெள்ளிக்கிழமை இரவு வேலையைத் தொடங்கினேன். வாடகைக்கு எடுத்தது சிறிய மெய்நிகர் சர்வர்தான்: ஒரு கோர், 2 ஜிபி நினைவகம், 40 ஜிபி வட்டு. ஒரு நாளைக்கு நான்கைந்து பேர் கணக்கு ஏற்றப்போகும் இடத்துக்கு இதுவே தாராளம். இயங்குதளமாக உபுண்டு 22.04 போட்டேன். நீண்டகால ஆதரவுப் பதிப்பு என்பதால் 5 ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். ஆதரவு முடிந்துபோன பழைய பதிப்பைப் பழக்கத்தின் காரணமாகத் தேர்ந்தெடுக்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு தேர்விலேயே மற்ற எல்லா உழைப்பும் வீணாகிவிடும்.

சர்வரை வாடகைக்குக் கொடுத்த நிறுவனம், எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனருக்கான கடவுச்சொல்லை மின்னஞ்சலில் அனுப்பியது. உள்ளே நுழைந்தேன். சாப்பிட்டுவிட்டு வந்து தொடரலாம் என்று எழுந்துபோனேன். முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து, உள்நுழைவுகளைப் பதிந்து வைக்கும் லாக் கோப்பைத் திறந்து பார்த்தபோது, 200க்கும் மேற்பட்ட தோல்வியுற்ற முயற்சிகள் இருந்தன. ரூட், அட்மின், டெஸ்ட், ஆரக்கிள், போஸ்ட்கிரெஸ் என்று ஒவ்வொரு பெயராகப் போட்டு, யாரோ எங்கிருந்தோ கதவைத் தட்டிப் பார்த்திருக்கிறார்கள். இந்தச் சர்வரின் முகவரியை நான் என் வீட்டாரிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை.

இதில் மர்மம் எதுவும் இல்லை. இணையத்தில் ஒரு கணினியை அடையாளம் காட்டும் எண்தான் ஐபி முகவரி. பழைய முறை ஐபி முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடிதான். மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட இசட்மேப் என்ற கருவி, ஒரே கணினியையும் நல்ல இணைய இணைப்பையும் வைத்து, இத்தனை முகவரிகளிலும் ஒரு குறிப்பிட்ட போர்ட் (ஒரு சேவைக்கான எண்ணிட்ட கதவு) திறந்திருக்கிறதா என்று 45 நிமிடத்துக்குள் பார்த்துவிட முடியும் என்று காட்டியது. ஆகவே, "நம்முடையது சின்ன இடம், யார் தேடி வரப்போகிறார்கள்?" என்ற எண்ணத்துக்கு இணையத்தில் இடமே இல்லை. யாரும் நம்மைத் தேடி வருவதில்லை. எல்லா வீட்டுக் கதவையும் வரிசையாகத் தட்டிக்கொண்டே போகிறார்கள், அவ்வளவுதான்.

மறுநாள் இதைப் பெரியப்பாவிடம் சொன்னேன். அவருக்குக் கணினி தெரியாது, ஆனால் சொன்னது உடனே பிடிபட்டுவிட்டது. "அம்மிணி, போர் போட்டு முடித்து ராடை மேலே தூக்கியதும் நாங்கள் முதலில் செய்கிற வேலை கேசிங் வாய்க்கு மூடி போடுவதுதான். பணம் வாங்குவது, டீ குடிப்பது எல்லாம் அதற்குப் பிறகுதான். பம்பு இறக்குகிறவன் நாளைக்கு வருகிறானோ, பத்து நாள் கழித்து வருகிறானோ. அதுவரைக்கும் குழி வாய் திறந்து கிடந்தால் அந்தப் பாவம் நம் தலையில்தான்" என்றார். ஆறரை அங்குலக் குழியில் குழந்தைகள் விழுந்த செய்தி வரும்போதெல்லாம் அவர் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு வெளியே போய் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அதனால் அந்த வார்த்தைகளின் கனம் எனக்குப் புரிந்தது. அன்றிலிருந்து புதிய சர்வர் எதை எடுத்தாலும், வாயை மூடும் வேலையை முடிக்காமல் நாற்காலியை விட்டு எழுவதில்லை.

அந்த வேலை என்னவென்று சொல்கிறேன். முதலில், எனக்கென்று தனிப் பயனர் கணக்கு ஒன்றை உருவாக்கி, தேவைப்படும்போது மட்டும் நிர்வாக அதிகாரம் எடுத்துக்கொள்ளும்படி வைத்தேன். பிறகு என் மடிக்கணினியில், தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் முறைக்கான சாவி ஜோடி ஒன்றை உருவாக்கினேன். பொதுச் சாவியைச் சர்வரில் வைத்தேன். தனிச் சாவி மடிக்கணினியை விட்டு வெளியே போகாது, அதற்கும் ஒரு கடவுத்தொடர் உண்டு. சாவி வேலை செய்கிறது என்று பார்த்த பிறகு, ரூட் நேரடியாக நுழைவதையும், கடவுச்சொல் கொடுத்து யார் நுழைவதையும் நிறுத்தும்படி எஸ்எஸ்எச் அமைப்புக் கோப்பில் எழுதிச் சேவையை மறுதொடக்கம் செய்தேன்.

இங்கேதான் முதல் பாடம் கிடைத்தது. எழுதி முடித்ததும் படுக்கப் போயிருப்பேன். ஏதோ தோன்றி, கணவரின் மடிக்கணினியை எடுத்து அதிலிருந்து நுழைந்து பார்த்தேன். அதில் என் சாவி கிடையாது, ஆகவே உடனே மறுத்துத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். ஆனால் திரையில் கடவுச்சொல் கேட்டு நின்றது. கொடுத்தேன், உள்ளே விட்டுவிட்டது.

கோப்பைத் திரும்பத் திரும்பப் படித்தேன். "கடவுச்சொல் வேண்டாம்" என்ற வரி அங்கேயே இருந்தது, எழுத்துப் பிழையும் இல்லை. அரை மணி நேரத் தேடலுக்குப் பிறகுதான் காரணம் தெரிந்தது. அந்த முதன்மைக் கோப்பின் தொடக்கத்திலேயே, பக்கத்தில் உள்ள ஓர் அடைவிலிருந்து (கோப்புறையிலிருந்து) மற்ற சிறு கோப்புகளையும் சேர்த்துப் படிக்கச் சொல்லும் வரி ஒன்று இருக்கிறது. சர்வர் முதன்முதலில் உருவானபோது, கடவுச்சொல்லை அனுமதிக்கும் ஒரு சிறு கோப்பு அந்த அடைவில் தானாகவே எழுதப்பட்டிருந்தது. எஸ்எஸ்எச் விதிப்படி, ஒரே அமைப்பு இரண்டு இடங்களில் இருந்தால் முதலில் படிக்கப்படுவதுதான் செல்லும். பின்னால் வருவது செல்லாது. நான் எழுதியது பின்னால் வந்தது.

எஸ்எஸ்எச் சேவை நிரலுக்குப் பெரிய எழுத்து 'டி' (T) என்ற விருப்பத்தைக் கொடுத்து ஓட்டினால், எல்லாக் கோப்புகளையும் படித்த பிறகு உண்மையில் நடைமுறைக்கு வரும் அமைப்புகளை வரிசையாகக் காட்டும். கோப்பைப் படித்து நம்புவதை அன்றோடு விட்டுவிட்டேன், இந்தப் பட்டியலைத்தான் பார்க்கிறேன். அதற்கும் மேலாக, சாவி இல்லாத இன்னொரு கணினியிலிருந்து ஒருமுறை தட்டிப் பார்க்கிறேன். இப்படிச் சோதிக்கும்போது ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பை மூடிவிடக் கூடாது. ஏதாவது தவறாகிப்போனால், சரிசெய்ய உள்ளே இருக்கும் எளிய வழி அதுதான்.

எஸ்எஸ்எச் போர்ட்டை 22இலிருந்து வேறு எண்ணுக்கு மாற்றச் சொல்லிப் பலர் அறிவுரை கூறுகிறார்கள். லாக் கோப்பில் இரைச்சல் குறையும், அதை ஒப்புக்கொள்கிறேன். பலமுறை தோற்கும் முகவரிகளைத் தடைசெய்யும் பெயில்2பேன் கருவியையும் நான் போட்டிருக்கிறேன், அதுவும் இரைச்சலைக் குறைக்கத்தான். கடவுச்சொல் நுழைவை முழுவதும் நிறுத்தியிருந்தால் இவை இரண்டும் கூடுதல் வசதி மட்டுமே. நிறுத்தாமல் இவற்றை மட்டும் நம்புவது எனக்குச் சம்மதம் இல்லை.

வேண்டாத போர்ட்களை அடைத்து வைக்கும் பயர்வாலைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. உபுண்டுவில் வரும் எளிய பயர்வாலில் எஸ்எஸ்எச்சுக்கு 22, வலைத்தளத்துக்கு 80, 443 ஆகிய மூன்று போர்ட்களை மட்டும் திறந்து மற்றதை மூடினேன். 22ஐ அனுமதித்துவிட்டுத்தான் பயர்வாலை இயக்க வேண்டும். வரிசை மாறினால் வெளியே நின்றுகொண்டு சாவியை உள்ளே பூட்டிய கதை ஆகிவிடும். மூடிய பிறகு, செல்பேசியின் இணையத்தில் மடிக்கணினியை இணைத்து, திறந்த போர்ட்களைக் காட்டும் என்மேப் கருவியால் வெளியிலிருந்து பார்த்தேன். மூன்றே மூன்று போர்ட்கள் திறந்திருந்தன. சர்வருக்குள் இருந்துகொண்டு பார்த்தால் வேறு படம் தெரியும், அந்தப் படத்தால் பயன் இல்லை.

சனிக்கிழமை காலை, வலைப்பக்கங்களைக் கேட்பவர்களுக்கு அனுப்பும் மென்பொருளான என்ஜின்எக்ஸ் நிறுவினேன். அப்பாச்சியா, என்ஜின்எக்ஸா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. இரண்டுமே காலத்தால் தேறியவை: அப்பாச்சி 1995இலிருந்து இருக்கிறது, ரஷ்யாவைச் சேர்ந்த இகோர் சிசோயெவ் எழுதிய என்ஜின்எக்ஸ் 2004இல் வெளிவந்தது. ஆலையில் என்ஜின்எக்ஸ் பழகியிருந்ததால் அதையே எடுத்துக்கொண்டேன். நிறுவியதும் கூடவே வரும் மாதிரித் தளத்தை நீக்கினேன். டொமைன் பெயர் சொல்லாமல் வெறும் ஐபி முகவரியோடு வருகிற கோரிக்கைகளுக்குப் பதிலே சொல்லாமல் இணைப்பைத் துண்டிக்கும்படி ஒரு சிறிய பகுதியை எழுதினேன். அப்படி வருவதில் பெரும்பாலானவை தேடிப் பார்க்கும் நிரல்கள்தான். எந்த மாற்றம் செய்தாலும், அமைப்பைச் சோதிக்கும் கட்டளையை ஓட்டிப் பார்த்துவிட்டு, பிறகுதான் மறுஏற்றம். ஓர் அரைப்புள்ளி விட்டுப்போனாலும் சோதனையிலேயே பிடிபட்டுவிடும்.

காலை 9 மணிக்கு லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பிடமிருந்து, தளத்தின் அடையாளத்தை உறுதிசெய்யும் சான்றிதழ் வாங்கினேன். இலவசம், 90 நாள் செல்லும். இணைப்பை மறையாக்கும் டிஎல்எஸ் முறையின் பதிப்புகளில் 1.2, 1.3 இரண்டை மட்டும் வைத்துக்கொண்டேன். 1.0, 1.1 இரண்டையும் பயன்படுத்த வேண்டாம் என்று இணையத் தரநிலைக் குழு 2021லேயே அறிவித்துவிட்டது. மறையாக்கம் இல்லாத 80ஆம் போர்ட்டில் வருகிற எல்லாவற்றையும் மறையாக்கம் உள்ள 443க்குத் திருப்பிவிட்டேன். சித்தி மகன் தன் நிரல்களை ஏற்றினான். செல்பேசியில் பூட்டு அடையாளத்துடன் பக்கம் திறந்ததும் அவன் முகத்தில் தெரிந்த பூரிப்பை இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

மாலையில் அணுகல் லாக் கோப்பைத் திறந்தேன். சான்றிதழ் வாங்கிய சில நிமிடங்களிலேயே எங்கெங்கிருந்தோ கோரிக்கைகள் வரத் தொடங்கியிருந்தன. இந்த முறை ஐபி முகவரியைத் தேடி வரவில்லை, எங்கள் டொமைன் பெயரையே சொல்லிக்கொண்டு வந்திருந்தார்கள். பொதுச் சான்றிதழ்கள் வழங்கப்படும்போதே யாரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேடுகளில் ஏறிவிடுகின்றன. போலிச் சான்றிதழ்களைக் கண்டுபிடிக்க ஏற்பட்ட நல்ல ஏற்பாடு அது. ஆனால் அதே பதிவேட்டைப் பார்த்துக்கொண்டே இருந்து, புதிதாகப் பிறக்கும் தளங்களை உடனுக்குடன் துருவுகிற கூட்டமும் உண்டு. சான்றிதழ் வாங்கும் நேரத்தில் தளம் தயாராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே எதுவுமே இருக்கக் கூடாது.

அந்தக் கோரிக்கைகளில் பாதி, எங்களிடம் இல்லாத வேர்ட்பிரஸ் பக்கங்களைக் கேட்டன. அவற்றுக்கெல்லாம் 404, அதாவது அப்படி எதுவும் இல்லை என்ற பதில் போயிருந்தது. ஒரு வரியில் மட்டும் கண் நின்றது. புள்ளியில் தொடங்கும் 'என்வி' என்ற கோப்பைக் கேட்டிருந்தார்கள், அதற்கு 200 என்று பதில் போயிருந்தது. கேட்டதைக் கொடுத்துவிட்டேன் என்பதுதான் 200க்குப் பொருள்.

என் செல்பேசியில் அதே முகவரியைத் தட்டினேன். வெள்ளைத் திரையில் கறுப்பு எழுத்தில் தரவுத்தளத்தின் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல், குறுஞ்செய்தி அனுப்பும் சேவையின் சாவி என்று எல்லாமே வரிசையாக வந்து நின்றன. சித்தி மகன் தன் வேலைக் கோப்புறையை அப்படியே வலை அடைவில் ஏற்றியிருந்தான். உலகத்துக்குக் காட்ட வேண்டிய பகுதி அதற்குள் இருக்கும் 'பப்ளிக்' என்ற உள்ளடைவு மட்டும்தான். நான் என்ஜின்எக்ஸில் மேலடைவைக் குறித்துவிட்டேன். அவன் பக்கம் தவறு என்று சொல்ல எனக்கு மனம் இல்லை. அடைவின் பாதையை எழுதிய கை என்னுடையது.

லாக்கைச் சலித்துப் பார்த்தபோது, என் கோரிக்கையைத் தவிர வேறு இரண்டு முகவரிகளுக்கும் அந்தக் கோப்பு போயிருந்தது. ஆகவே அந்தக் கடவுச்சொல் ஊருக்கே தெரியும் என்று கருதித்தான் மேற்கொண்டு நடக்க வேண்டும். முதலில் அடைவின் பாதையைத் திருத்தினேன். புள்ளியில் தொடங்கும் எந்தக் கோப்பையும் கொடுக்காதே என்ற விதியைச் சேர்த்தேன். சான்றிதழ் சரிபார்ப்புக்குத் தேவைப்படும் ஓர் அடைவும் புள்ளியில்தான் தொடங்கும் என்பதால் அதற்கு மட்டும் விலக்கு. பிறகு தரவுத்தளக் கடவுச்சொல், குறுஞ்செய்திச் சாவி, செயலியின் ரகசியச் சாவி மூன்றையும் மாற்றினேன்.

அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது முந்தைய இரவு செய்த வேலை. தரவுத்தள மென்பொருளான மைஎஸ்க்யூஎல் 127.0.0.1 என்ற உள்முகவரியில் மட்டும் காது கொடுக்கும்படி வைத்திருந்தேன். பயர்வாலிலும் அதன் போர்ட்டான 3306 மூடியிருந்தது. கடவுச்சொல் கையில் இருந்தாலும் அதைப் போட்டுப் பார்க்கக் கதவு இல்லை. ஒரு தடுப்பு விழுந்தால் அடுத்தது நிற்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அதை வயிற்றில் உணர்ந்தது அந்தச் சனிக்கிழமை மாலைதான்.

அடுத்த வாரம் வண்டி மேனேஜர்கள் பயன்படுத்தத் தொடங்கினார்கள். டீசல் பில் படம் ஏறவில்லை என்று முதல் நாளே புகார் வந்தது. என்ஜின்எக்ஸ் இயல்பாக 1 எம்பிக்கு மேல் ஏற்றவிடாது. அதைக் கூட்டினால் பிஎச்பியின் 2 எம்பி வரம்பு குறுக்கே நிற்கும். இரண்டு இடத்திலும் 10 எம்பி என்று மாற்றினேன். சித்தி மகன், "அக்கா, அடைவுக்கு 777 உரிமை கொடுத்துவிட்டால் எல்லாமே ஓடிவிடும்" என்றான். உண்மைதான், ஓடிவிடும். எவர் வேண்டுமானாலும் அதில் எழுதவும் முடியும். நிரல் கோப்புகள் எல்லாம் என் பயனர் பெயரில், வலை சர்வருக்குப் படிக்கும் உரிமை மட்டும். படங்கள் ஏறும் ஓர் அடைவில் மட்டும் எழுதும் உரிமை. அந்த அடைவில் இருக்கும் எதையும் பிஎச்பி நிரலாக ஓட்டக் கூடாது என்று என்ஜின்எக்ஸில் ஒரு விதி. படம் என்ற பெயரில் யாராவது நிரல் ஒன்றை ஏற்றினால்கூட அது வெறும் கோப்பாகவே கிடக்கும். இதை அவனுக்கு உட்கார வைத்து விளக்கினேன். அதன்பிறகு அவன் 777 என்று சொல்லிக் கேட்டதில்லை.

பிப்ரவரி இரண்டாம் வாரம். வேறு ஏதோ வேலையாகச் சர்வருக்குள் போனவள், பேக்கப் அடைவின் பட்டியலைத் தற்செயலாகப் பார்த்தேன். ஒவ்வோர் இரவும் தரவுத்தளத்தை எடுத்துச் சுருக்கி வைக்கும்படி முதல் நாளே ஒரு சிறு நிரல் எழுதியிருந்தேன். தேதி போட்டுக் கோப்புகள் வரிசையாக இருந்தன. அளவு எழுதியிருந்த பத்தியில் 20, 20, 20 என்று ஒரே எண் கீழே வரை இறங்கியது. 20 பைட்.

கோப்புகளைச் சுருக்கும் ஜிசிப் கருவிக்கு ஒன்றுமே இல்லாததைக் கொடுத்தால், அது சுருக்கித் தரும் கோப்பின் அளவு 20 பைட். என்வி கோப்பு வெளியான அன்று தரவுத்தளக் கடவுச்சொல்லை மாற்றினேன் அல்லவா? செயலியில் மாற்றியிருந்தேன், பேக்கப் நிரலில் மாற்றவில்லை. தரவுத்தளம் ஒவ்வோர் இரவும் அனுமதி மறுத்திருக்கிறது. ஜிசிப் வெறுமையை வாங்கிச் சுருக்கியிருக்கிறது. குழாய்போல் இணைத்த கட்டளைகளில் கடைசிக் கட்டளையின் முடிவைத்தான், கட்டளைகளை ஓட்டும் ஷெல் மொத்த முடிவாக எடுத்துக்கொள்ளும். ஜிசிப் தன் வேலையைச் சரியாகச் செய்ததால் "வெற்றி" என்று பதிவாகியிருந்தது. இடையில் ஒரு கட்டளை தோற்றாலும் மொத்தமும் தோற்றதாகக் கொள்ளச் சொல்லும் ஓர் அமைப்பு பாஷ் என்ற ஷெல்லில் இருக்கிறது. அதைப் போட்டிருந்தால் முதல் இரவே தெரிந்திருக்கும். 19 இரவுகள், இரண்டு வண்டிகளின் கணக்கு, பேக்கப் என்று எதுவும் இல்லாமல் ஒரே வட்டில் கிடந்திருக்கிறது. அந்த எண்களைப் பார்த்தபோது என் விரல்கள் சில்லிட்டுப்போயின.

நிரலைத் திருத்தினேன். அளவு முந்தைய நாளைவிடப் பாதியாகக் குறைந்தால் எனக்குக் குறுஞ்செய்தி வரும்படி செய்தேன். பேக்கப்பை எங்கே வைப்பது என்பதையும் மாற்றினேன். முன்பு சர்வர் தானே இன்னோர் இடத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. சர்வருக்குள் யாராவது புகுந்துவிட்டால், அந்த வழியாகவே போய்ப் பேக்கப்பையும் அழித்துவிடலாம். இப்போது திருச்செங்கோட்டு அலுவலகத்தில் உள்ள ஒரு பழைய கணினி, தினமும் அதிகாலையில் சர்வரிடம் வந்து தானே எடுத்துக்கொண்டு போகிறது. அந்தக் கணினிக்குள் நுழையும் சாவி எதுவும் சர்வரிடம் இல்லை.

இதெல்லாம் முடிந்து நிம்மதியாக இருந்த நேரம். ஏப்ரல் 19, நாடாளுமன்றத் தேர்தலுக்கான வாக்குப்பதிவு நாள். செல்பேசியை வீட்டிலேயே வைத்துவிட்டுக் காலை 7 மணிக்கே பள்ளிக்கூடத்து வரிசையில் போய் நின்றேன். வெயில் ஏறுவதற்குள் விரலில் மையோடு திரும்பி வந்து பார்த்தால், 7 தவறிய அழைப்புகள். ஆறு ராஜஸ்தானிலிருந்து, ஒன்று பெரியப்பா. "அக்கா, சிவப்பாக ஒரு பக்கம் வருகிறது, உள்ளே போகாதே என்கிறது" என்றார் மேனேஜர்.

சான்றிதழ் காலாவதி ஆகியிருந்தது. சான்றிதழ் வாங்கித் தரும் சர்ட்பாட் கருவி 30 நாள் மீதம் இருக்கும்போதே தானாகப் புதுப்பிக்கும் என்று எனக்குத் தெரியும். வட்டில் பார்த்தேன், மார்ச் மாதமே புதுப்பித்து வைத்திருந்தது. புதிய சான்றிதழ் ஒரு மாதமாகக் கோப்பாக அங்கே இருக்கிறது. ஆனால் என்ஜின்எக்ஸ் சான்றிதழைத் தொடங்கும்போதோ மறுஏற்றம் செய்யும்போதோ மட்டும்தான் படிக்கும். அந்த ஒரு மாதத்தில் யாரும் மறுஏற்றம் செய்யவில்லை. நினைவகத்தில் இருந்த பழைய சான்றிதழையே அது எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தது. மறுஏற்றக் கட்டளையைக் கொடுத்தேன், இரண்டு நொடியில் சரியாகிவிட்டது. சர்ட்பாட்டை என்ஜின்எக்ஸோடு நேரடியாக இணைத்திருந்தால் அதுவே மறுஏற்றமும் செய்திருக்கும். நான் சான்றிதழை மட்டும் வாங்கும் முறையைத் தேர்ந்தெடுத்திருந்தேன். அப்படிச் செய்தால், புதுப்பித்த பிறகு ஓட வேண்டிய கட்டளையை நாம்தான் தனியாகச் சொல்லி வைக்க வேண்டும்.

எஸ்எஸ்எச், பேக்கப், சான்றிதழ் மூன்றையும் அன்று சேர்த்து யோசித்தேன். மூன்றிலும் கோப்பில் இருந்தது ஒன்று, ஓடிக்கொண்டிருந்தது இன்னொன்று. திருத்தங்களிலும் இதே கதைதான். தானியங்கிப் புதுப்பிப்பு, இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலைப் புதிதாக நிறுவி வைத்தாலும், மறுதொடக்கம் செய்யும்வரை ஓடுவது ஓட்டையுள்ள பழைய கெர்னல். மறையாக்கத்துக்குப் பயன்படும் ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகம் புதிதாக வந்தாலும், ஏற்கெனவே ஓடும் நிரல்கள் பழையதையே பிடித்துக்கொண்டிருக்கும். ஆகவே இப்போது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலை சர்வரை மறுதொடக்கம் செய்கிறேன். வண்டிகள் ஓடாத நேரம், யாருக்கும் தொந்தரவு இல்லை.

சான்றிதழை இப்போது வெளியிலிருந்துதான் பார்க்கிறேன். திருச்செங்கோட்டுக் கணினியே தினமும் ஒருமுறை வலைத்தளத்தோடு இணைந்து, அது காட்டும் சான்றிதழின் கடைசித் தேதியைப் படித்து, 20 நாளுக்குக் கீழே போனால் எனக்குச் செய்தி அனுப்பும். காலாவதி நெருங்கினால் லெட்ஸ் என்க்ரிப்டே மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்த வழக்கம் 2025 ஜூனில் நின்றுவிட்டது. சான்றிதழ்களின் ஆயுளும் குறையப்போகிறது. 2029 மார்ச் முதல் எந்தப் பொதுச் சான்றிதழும் 47 நாளுக்கு மேல் செல்லக் கூடாது என்று சான்றிதழ் நிறுவனங்களும் உலாவி நிறுவனங்களும் சேர்ந்த மன்றம் முடிவெடுத்திருக்கிறது. கையால் புதுப்பித்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்கள் இப்போதே ஏற்பாட்டை மாற்றிக்கொள்வது நல்லது.

பேக்கப்பைச் சோதிக்கும் வழக்கத்தைப் பெரியப்பாதான் தொடங்கி வைத்தார். மாதத்தின் முதல் ஞாயிறு, பள்ளிபாளையம் பாலத்தைத் தாண்டித் திருச்செங்கோட்டுக்குப் போகிறேன். அலுவலகத்தில் உள்ள பழைய கணினியில், சர்வரின் துணையே இல்லாமல், பேக்கப் கோப்பிலிருந்து முழுத் தளத்தையும் மீட்டெடுத்து ஓடவிடுகிறேன். பெரியப்பா தன் நோட்டை இன்னும் விடவில்லை. அதிலிருந்து ஏதாவது ஒரு பக்கத்தைத் திருப்புவார்.

"மார்ச் 14, இரண்டாம் வண்டி. எத்தனை அடி?"

"415 அடி பெரியப்பா. கேசிங் 62."

சிவப்புப் பேனாவால் ஒரு டிக் போடுவார். பத்து தேதிகள் கேட்பார், பத்தும் ஒத்துப்போனால்தான் விடுவார்.

முதல் தடவை பத்தும் ஒத்துப்போயின. நோட்டை மூடப்போனவர், "அந்த 14ஆம் தேதி டீசல் பில்லைக் காட்டு அம்மிணி" என்றார். பில் என்ற இடத்தைத் தொட்டேன். படம் இருக்க வேண்டிய இடத்தில் காலிக் கட்டம்தான் இருந்தது. பேக்கப் நிரல் தரவுத்தளத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தது. படங்கள் ஏறும் அடைவை நான் அதில் சேர்க்கவே இல்லை.

அங்கேயே உட்கார்ந்து அதையும் சேர்த்தேன். மூன்றரை மாதத்துப் படங்கள் சர்வரிலிருந்து இறங்கி முடிய மதியம் ஆகிவிட்டது. பெரியம்மா சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். பெரியப்பா நாற்காலியை நகர்த்தி என் பக்கத்தில் போட்டுக்கொண்டு, இறங்கி முடியும்வரை எழவில்லை. முடிந்ததும், "இப்போது காட்டு" என்றார். ராஜஸ்தானில் ஏதோ ஒரு பெட்ரோல் பங்கின் கசங்கிய பில் திரையில் வந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தொகையைப் படித்து, நோட்டில் இருந்த எண்ணோடு ஒத்துப் பார்த்துவிட்டு, பதினோராவது டிக்கைப் போட்டார்.